தந்தியில் எழுத வேண்டிய பெயர்

“கப்பல் ஏறுனதும் தண்ணி குடிக்கறதக் குறைச்சுக்கலாம்னு மட்டும் நினைச்சராத அப்பாசு. முக்காவாசிப் பேரு கெடறது அங்கதான்,” என்றார் மொய்து.

வாசகப் பெருமக்களே, எருத்தேன்பதியின் இந்தச் சிறு வீட்டுக்குள் சற்றே வந்து நின்று, இங்கே நடக்கும் அநீதிக்குச் சாட்சியாகுங்கள். நாற்காலியில் அமர்ந்து பயணப் பாடம் கேட்கும் அப்பாஸ் எந்தக் கப்பலிலும் ஏறப் போவதில்லை. அவன் சைக்கிள் கடைக்காரன். ஏறப் போகிறவள் அவன் மனைவி பாத்து. நர்ஸ் படிப்பை முடித்தவள்; பினாங்கு மருத்துவமனை ஒன்று அவளை வேலைக்கு அழைத்திருக்கிறது. தன் பயணத்தைப் பற்றிய பேச்சைத் தன் வீட்டிலேயே கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஏன் இந்த ஒளிவு? பினாங்கில் இறங்குகிறவரைத் துறைமுகத்துக்கு வந்து பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். அங்கே இவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் மொய்துவின் தம்பி. மொய்து அப்பாஸுக்குத் தூரத்து மாமன். கொழிஞ்சாம்பாறையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பினாங்குக் கப்பலில் எத்தனை முறை போய் வந்தார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. சென்ற மாதம் கல்யாணப் பந்தலில் எழுந்து நின்று, கடல் தாண்டிச் சம்பாதிக்கும் பெண்ணால் குடும்பம் விளங்காது என்று முழங்கியவரும் அவரே. ஆகவே, போவது அப்பாஸ் என்றே அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

“தண்ணி குடிக்காம எதுக்குங்க மாமு கெடக்கறாங்க?”

“கக்கூசுக்கு அத்தனை கூட்டத்துக்கு நடுவுல போகோணுமேன்னு கூச்சம். குடிக்காமயே கெடந்து ரெண்டாம் நாளு மயங்கி விழுந்துருவாங்க. விடியக்காலம் சுபுஹுத் தொழுகைக்கு முந்தியே எந்திரிச்சுட்டா கூட்டம் இருக்காது.”

தனக்கு அப்படியொரு கூச்சமும் வராது என்று சொல்ல வந்த அப்பாஸ், வாயை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

“படுக்கை நடுக்கப்பல்லயே புடி. முன்னால தூக்கித் தூக்கிப் போடும், பின்னால எஞ்சின் காதைப் பொளக்கும். ஏணிக்கு அடியில மட்டும் வேண்டாம். ஏறி எறங்கறவன் கண்ணெல்லாம் அங்கதான் நிக்கும். ஒரு பழைய போர்வையும் கயிறும் எடுத்துக்க. படுக்கையைச் சுத்தி மறைவாக் கட்டிக்கலாம்.”

“எனக்கு எதுக்குங்க திரை? நானென்ன புதுப்பொண்ணா?”

“காத்தடிக்கும்டா. சொன்னாக் கேளு.”

கதவுக்குப் பின்னால் வளையல் அசைந்தது. “வாந்தி வந்தா என்ன பண்றதுன்னு கேளுங்க,” என்றது மெல்லிய குரல்.

மொய்து சிரித்தார். “போறவன் சும்மா உக்காந்திருக்கறான். ஊட்டுல இருக்கறவளுக்கு இப்பவே கொமட்டுதாக்கும். உப்புப் போட்ட நார்த்தங்கா ஒரு துண்டு வாயில அடக்கிக்கோணும். கடலும் வானமும் ஒட்டற கோட்டையே பாத்துட்டு உக்காரோணும். வெறும் வயித்தோட படுக்கக் கூடாது. அப்பறம், குடும்பத்தோட வர்ற வயசான அம்மா யாராச்சும் இருப்பாங்க. மொத நாளே அவங்க பக்கத்துல எடம் போட்டுக்க.”

“அம்மா பக்கத்துலயாங்க?”

“அங்க இருந்தா ஒருத்தன் வாலாட்ட மாட்டான்.”

தன்னிடம் வந்து வாலாட்டப் போகிறவன் யார் என்று அப்பாஸுக்கு விளங்கவில்லை. ஆயினும் கேட்கவில்லை. பெட்டிக்குச் சிவப்புப் பட்டை அடிக்க வேண்டும், இறங்கும்போது எல்லாமே ஒரே பச்சைத் தகரப்பெட்டியாகத் தெரியும் என்பதையும் பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

“தம்பிகிட்டச் சொல்லி ஆளைக் கூட்டிட்டுப் போகச் சொல்லீருவீங்களா மாமு?”

“எங்கூட்டு ஆளுன்னு தந்தி குடுத்தாப் போதும், வந்து நிப்பான். பேரு என்னன்னு போடட்டும்?”

அப்பாஸ் இந்தக் கேள்விக்குத் தயாராக இருக்கவில்லை. தன் பெயரைச் சொன்னால் துறைமுகத்தில் வேறொருத்தி இறங்குவாள். உண்மையைச் சொன்னால் இந்த வாசலிலேயே பயணம் முடிந்துபோகும். மொய்து டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அப்பாஸ் எழுந்து நின்றான்.

“பாத்துன்னு போடுங்க மாமு. போறது அவதானுங்க. நீங்க தந்தி குடுக்கமாட்டேன்னு சொன்னாலும், உங்க தம்பி வரமாட்டேன்னு சொன்னாலும், அவ போகத்தான் போறா.”

மொய்து தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“அப்படித்தான் போட்டேன். காலையிலயே தந்தி குடுத்தாச்சு.”

அப்பாஸ் மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

“பினாங்குக்குப் பஞ்சர் ஒட்டப் போறவன் எங்க கடையில நர்சு உடுப்புக்கு வெள்ளைத்துணி வாங்குவானாடா? நீயா இருந்தா, லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு மேல்தட்டுல படுத்துக்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேன். பொம்பளைங்க தண்ணி குடிக்காம சுருண்டு விழறதை ஒவ்வொரு தடவையும் பாத்தவன் நான். அம்புட்டும் அவளுக்குத்தான் சொன்னேன்.”

கதவு திறந்தது. முதன்முறையாகப் பாத்து கூடத்துக்கு வந்து, அவரெதிரில் நேராக நின்றாள்.

“ரொம்பச் சந்தோசமுங்க மாமு. கதவுக்குப் பின்னால நின்ன எனக்குச் சொன்னதை, அடுத்த கல்யாணப் பந்தல்லயும் எந்திரிச்சு நின்னு சொல்லுங்க.”

வாசகப் பெருமக்களே, மொய்துவின் பதிலுக்காகக் காத்திராதீர்கள். உங்கள் கூடத்தில் நீங்கள் ஒப்புக்கொண்ட நியாயத்தை, நாளை உங்கள் ஊர்ப் பந்தலில் நீங்களே எழுந்து நின்று சொல்லுங்கள்.