முத்திரையிட்ட சாட்சி

"நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேங்க, ஐயா."

பதிப்பாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவருடைய வக்கீல் நோட்டீசைப் பெற்றவர்கள் அழுதுகொண்டு வருவார்கள். அல்லது சண்டைக்கு வருவார்கள். கைகூப்பிக்கொண்டு வந்த முதல் ஆள் இந்தப் பெண்தான்.

"நோட்டீஸ் விட்டதுக்கு நன்றியா? வெயில் தலைக்கு ஏறிடுச்சாம்மா?"

"மனசாரத்தான் சொல்றேன் ஐயா. நான் மட்டும் இல்லை, நாற்பது பேர் சார்பா."

அவள், பார்வையற்றோருக்காக நூல்களை வாசித்து, குரலைப் பதிவுசெய்து, இணையத்தில் இலவசமாகக் கேட்கத் தருபவள். சாயப்பட்டறைப் புகையில் கண்களைப் பறிகொடுத்த நாற்பது பெண்கள் ஒரே ஒரு நூலைக் கேட்கக் காத்திருந்தார்கள். உழைக்கும் பெண்ணுக்கு எழுத்து வேண்டும் என்று மேடைதோறும் முழங்கிய ஒரு தறிக்காரியின் உரைத்தொகுப்பு அது. அந்த நூலின் பெயர் அவளது தளத்தில் தோன்றிய மூன்றாம் நாளே நோட்டீஸ் பறந்து வந்தது: 'இது எங்கள் சொத்து!'

யாருடைய சொத்து? அந்தத் தறிக்காரி மண்ணுக்குள் போய்த் தொண்ணூறு ஆண்டுகள். காற்றைப் போல், கதிரொளியைப் போல் எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட எழுத்துக்கு இவர் வேலி போட்டிருந்தார்!

"சட்டப்படி அது ஊருக்குப் பொதுன்னு உங்களுக்கே தெரியுமே ஐயா?"

"அச்சடிச்சது என் தாத்தா. மிச்சமிருக்கிற ஒரே பிரதி என் பீரோவுல. பீரோ என்னுது, சாவி என்னுது, புத்தகம் மட்டும் ஊருதா?"

"கூரை உங்களுதுன்னா, அதுமேல பெய்யற மழையும் உங்களுதா?"

"வாய் நீளுதே! அந்த வாயாலதான் என் புத்தகத்தை வாசிச்சிருக்கே." அவர் ஒரு தாளை நகர்த்தினார். "இனிமே வாசிக்க மாட்டேன்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா கோர்ட்டுல பார்ப்போம். இருநூத்திப் பன்னிரண்டு பக்கத்தையும் நகலெடுத்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி, நோட்டீஸோட சேர்த்து அனுப்பியிருக்கேன். நீ திருடினதுல ஒரு வரிகூடத் தப்பாது."

"பார்த்தேங்க. ஒரு எழுத்துகூட மங்கலை. எவ்வளவு அக்கறையா செஞ்சிருக்கீங்க!"

அவள் பேனாவைத் தொடவில்லை. கிண்டலா என்று அவள் முகத்தை ஆராய்ந்தார் அவர். கண்கள் கலங்கியிருந்தன, அது கிண்டலில்லை. அதுதான் அவரைக் குடைந்தது.

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. பார்க்கணும்னு வந்த பேராசிரியர்களையே வாசலோட திருப்பி அனுப்பினவன் நான். என் ஆளுங்கள்ல எவன் உனக்கு நகல் எடுத்துக் கொடுத்தான்? பேரைச் சொல்லிட்டா உன்னை விட்டுடறேன்."

"ஐயோ, பாவம், அவங்க மேல பழி போடாதீங்க!" அவள் பதறினாள். "என் தளத்துல நான் போட்டது புத்தகத்தோட பேரும், 'பிரதி கிடைத்தால் வாசிக்கிறேன்'ங்கிற ஒரு வரியும்தான். நீங்க அதைத் திறந்துகூடப் பார்க்கலை போல. அந்தப் புத்தகத்தை நான் முதல்முதலா கண்ணால பார்த்ததே, உங்க நோட்டீஸைப் பிரிச்சப்பதாங்க ஐயா!"