அனெஸ்திஸின் இதயம்

"மெதுவா பேசும்மா, எங்க வீட்டுக்காரருக்குப் பாம்புக் காது!"

எவாந்தியா, வழிகாட்டிப் பெண் மிர்தோவை டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். லரிசாவிலிருந்து ஏதென்ஸைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த ஓய்வூதியர் சங்கக் கூட்டம், அந்தப் பக்கம் வழிகாட்டியின் மைக் பேச்சைக் கேட்பதற்கான காதுக் கருவிகளை மாட்டிக்கொண்டிருந்தது.

"அனெஸ்திஸுக்கு இதயம் பாதி செத்துப்போச்சு. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுத்தான் சொன்னார். எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா அந்தக் கவலையே ஆளைக் கொன்னுடும்."

"அக்ரோபோலிஸ் குன்று மேல அவ்வளவு படி ஏறணுமே அம்மா! கீழேயே உட்கார வெச்சுடுங்களேன்."

"கேட்டாத்தானே! உச்சிக் கோயிலைப் பார்த்தே ஆகணும்னு அடம். நீ அங்கங்கே நிறுத்தி ஏதாவது கதை விடு தாயே."

மிர்தோ விட்டாள். பதினோரு வருஷத் தொழிலில் பத்துப் படிக்கு ஒரு கதை சொன்னது அன்றைக்குத்தான். உடைந்து கிடந்த கல்லுக்கெல்லாம் ஓர் அரசனைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இப்படிப் போனா அடுத்த ஈஸ்டருக்குத்தான் உச்சிக்குப் போவோம்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கிண்டலடித்தார்.

நின்ற இடத்திலெல்லாம், "உட்காருங்க, என் பொன்னே" என்று எவாந்தியா கணவரைப் பிடித்து உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். கிழவர் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். ஒன்றும் அறியாத மனிதராயிற்றே என்று மிர்தோ அடுத்த கதையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே இருந்த பெரிய வாசலுக்கு முன்னால் கூட்டம் இளைப்பாறியது. எவாந்தியா தண்ணீர் பிடிக்கப் போனாள். மிர்தோ ஓரமாக ஒதுங்கி, பஸ் ஓட்டுநருக்குப் போன் போட்டாள்.

"லாம்ப்ரோஸ், பஸ்ஸைக் கீழ்வாசல் கிட்டயே கொண்டு வந்துடு. அந்தத் தொப்பிக்காரப் பெரியவர், அனெஸ்திஸ், அவருக்கு இதயம் ரொம்ப மோசமாம். பாவம், அவருக்கே தெரியாது."

போனை வைத்த பிறகுதான், சட்டையில் செருகியிருந்த மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அணைக்க மறந்திருந்தாள். மொத்தக் கூட்டமும் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து நேராக அவளிடம் வந்தார். மிர்தோ அவசரமாக மைக்கை அணைத்தாள்.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. மைக்கு..."

"என் பெண்டாட்டி காதுல விழுந்துச்சா?"

"இல்லைங்க. காது வலிக்குதுன்னு அவங்க காலையிலேயே கருவியைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"அப்பாடா! மத்தவங்க யாரும் அவகிட்ட உளறாமப் பார்த்துக்கம்மா."

மிர்தோ திகைத்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? டாக்டரை அவகிட்ட அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். கெட்டுப்போனது அவ இதயம். உச்சிக் கோயிலும் அவளோட அம்பது வருஷத்து ஆசைதான். 'உனக்குத்தான் வியாதி'ன்னு சொல்லியிருந்தா அவ ஒரு நிமிஷம் உட்காருவாளா? எனக்குன்னதும் பத்துப் படிக்கு ஒரு தடவை உட்காருறா."

எவாந்தியா தண்ணீர் பாட்டிலோடு வந்து, "ம்... கிளம்பலாமா?" என்றாள்.

அனெஸ்திஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இன்னும் அஞ்சு நிமிஷம் உட்காரலாம், எவாந்தியா. எனக்கு மூச்சு வாங்குது."