பால்வீதியில் ஒரு வெளிச்சம்

"அக்கா, நம்ம பால்வீதியில யாரோ குடியிருக்காங்களாம்!"

எடிட்டர் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். டிவி தொடருக்குக் கதை எழுதுகிறவள் அவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"யாருப்பா சொன்னது?"

"பார்க்கறவங்கதான். இடது ஓரத்துல ஒரு புள்ளி தெரியுதா? மத்த நட்சத்திரமெல்லாம் சும்மா கிடக்கு. இது மட்டும் நகருது. போன வாரம் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுதாம். யாரோ சிக்னல் குடுக்கறாங்களாம். இன்டர்நெட் பூரா இதே பேச்சு."

"அட, ஆமா! நகருதே!"

அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது விண்வெளித் தொடர். வழி தவறிய ஒரு கப்பல் பால்வீதியை விட்டே வெளியே போய்விடுகிறது. மறுபடி பால்வீதிக்குள் திரும்பி வரத்தான் இத்தனை பாடு. ஒவ்வொரு வாரமும் கேப்டன் ஜன்னல் பக்கம் கை நீட்டி, "அதோ, நம்ம வீடு!" என்பார். பார்க்கிறவர்கள் சொக்கிப்போவார்கள். ஒரே ஒரு வாத்தியார் மட்டும், "நாம எல்லாரும் பால்வீதிக்கு உள்ளே இருக்கோம். அதை வெளியே நின்னு எவன் பார்த்தான்?" என்று வாராவாரம் மெயில் போட்டுச் சண்டைக்கு வருவார்.

அந்தப் பால்வீதியின் லட்சணம் தெரிந்தால் மனுஷன் மயங்கியே விழுவார். ஒரு பெரிய கறுப்புத் துணி, அதில் தையல்காரர் ஊசியால் போட்ட பொத்தல்கள், பின்னால் பல்புகள். அவ்வளவுதான். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கேமராவைத் தானாக ஓடவிட்டு, அரங்கத்தை மூடிவிட்டு அதைத் தனியாகப் படமெடுப்பார்கள். ஆள் நடந்தால் துணி ஆடும். துணி ஆடினால் பிரபஞ்சமே ஆடும்.

"பல்பு ஏதாவது லூசா இருக்குமோ?" என்றாள்.

"செட்காரர் எல்லாத்தையும் முறுக்கிப் பார்த்துட்டாரு. லூசு பல்பு மினுக்கும்க்கா, நகராது."

அதுவும் சரிதான். ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

அதற்குள் சேனல் மேனேஜர் போனில் வந்துவிட்டார். "இந்த வாரத்தோட கப்பலை வீட்ல சேர்த்து மூட்டை கட்டச் சொல்லியிருந்தேன்ல? இப்ப இந்த வெளிச்சத்தால எல்லாரும் பார்க்கறாங்க. அது என்னன்னு நல்ல பதிலா ஒண்ணு யோசிங்க, இன்னும் ஒரு வருஷம் ஓட்டிடலாம். இல்லேன்னா தொடரை முடிச்சுட்டு செட்டைப் பிரிச்சுடுங்க. மத்தியானத்துக்குள்ள சொல்லணும்."

அவள் வெளியே வந்தாள். டீ மெஷின் பக்கத்தில் கேப்டனாக நடிக்கிறவர் நின்றிருந்தார். காதோர நரையும் பளபள பூட்ஸுமாக, மேக்கப் இல்லாமலே கேப்டன் மாதிரிதான் இருப்பார். படப்பிடிப்புக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது. கேட்டால், "வீடு பக்கத்துலதான், பொடி நடை" என்பார்.

"என்ன ரைட்டரம்மா, கப்பல் வீடு போய்ச் சேர்ந்துடுமா?"

"வாராவாரம் வீடு, வீடுன்னு உருகறது நீங்கதானே சார்? சேர்த்து வச்சா சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தா..."

"சேர்ந்துட்டா செட்டைப் பிரிச்சுடுவாங்களேம்மா."

குரல் கம்மிப்போனது. பாவம், அடுத்த வாய்ப்பு கிடைக்குமோ என்ற பயம் எந்த நடிகருக்குத்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"பிரிக்காம இருக்கணும்னா அந்த வெளிச்சம் என்னன்னு தெரியணும் சார். துணிக்குப் பின்னால போய்ப் பார்த்துடப்போறேன்."

டீ தளும்பி அவருடைய பூட்ஸில் கொட்டியது.

"அங்கே எதுக்கும்மா? ஒயரெல்லாம் தாறுமாறாக் கிடக்கு. ஷாக் கீக் அடிச்சுத் தொலைக்கப்போகுது. நாளைக்கு நானே பார்த்துச் சொல்றேன்." கோப்பையை அப்படியே வைத்தார். "வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வந்துடறேன்" என்று விறுவிறுவென்று நடந்தார்.

நாளை வரைக்கும் பொறுக்கிற ஜென்மமா அவள்? எல்லோரும் சாப்பிடப் போனதும் செட்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு அரங்கத்துக்குள் நுழைந்தாள்.

கும்மிருட்டு. கேமரா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே பால்வீதி. வெறும் பொத்தல் என்று தெரிந்தும் ஒரு கணம் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டாள். என்ன அழகு!

இடது ஓரத்தில் அந்த வெளிச்சம் இருந்தது. இன்று அது மெல்ல நகரவில்லை. இங்கும் அங்கும் பதறிக்கொண்டு ஓடியது.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் மறுபடியும் போனில் கூப்பிட்டார். "என்னம்மா, பதில் கிடைச்சுதா?"

"ஒரு நிமிஷம் சார், லைன்லயே இருங்க."

பூனை மாதிரி நடந்துபோய்த் துணியின் ஓரத்தைத் தூக்கினாள்.

பல்புகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அளவு இடம். சுருட்டி வைத்த படுக்கை. கொடியில் காயும் பனியன். குவளையில் பல் துலக்கும் பிரஷ். பாதி கடித்த ஒரு துண்டு ரொட்டி. அவசர அவசரமாகத் துணிமணி அடைத்து, மூடமுடியாமல் திறந்து கிடந்த பெட்டி. அதன்மேல் குனிந்திருந்தவர், கையில் மேஜை விளக்கோடு நிமிர்ந்தார்.

"வாங்கம்மா" என்றார் கேப்டன், வந்தவர்களை வரவேற்கிற மாதிரி. "இதுதான் நம்ம வீடு."

அவள் போனைக் காதுக்குக் கொண்டுபோனாள். "பதில் கிடைச்சுடுச்சு சார். கதையை முடிக்க முடியாது, அங்கே நிஜமாவே ஆள் குடியிருக்கு."