மூங்கிலுக்கு அந்தப் பக்கம்

"என் வயல்ல வெளஞ்ச நெல்லு என் வீட்டுக்கு வரப்பிடாதுன்னா, அது என்ன சட்டம் ஏட்டையா?"

பூங்கனி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் ஏட்டு வைகுண்டராஜன் மூங்கிலை விட்டு நகரவில்லை. சோதனைச் சாவடியின் குறுக்கே கிடந்த மூங்கிலுக்கு இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், அந்தப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி. அவளுடைய வயல் இந்தப் பக்கம். வீடு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், அஞ்சுகிராமத்தில். ராஜ்யம் விட்டு ராஜ்யம் நெல் போகக் கூடாது என்று எங்கோ உட்கார்ந்து யாரோ உத்தரவு போட்டுவிட்டார்கள். போட்டவர் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை போலும். பூங்கனியின் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் மரச்சீனிக் கிழங்கும் ரேஷன் கடைப் புழுத்த அரிசியும்தான்.

பெர்மிட் வாங்கி வரச் சொன்னார் ஏட்டு. பெர்மிட்டுக்கு அலைந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம் என்றாள் அவள். வெள்ளைக்காரன் போய் நாலு வருஷம் ஆன பிறகும், நெல் மூட்டை ஏற்றிய அவளுடைய இரண்டு வண்டிகளும் காலையிலிருந்து புளியமரத்தடியில் குற்றவாளி போல நின்றன.

அப்போதுதான் தலைக்கு மேலே ஏதோ இருமியது.

மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். பனைகளை உரசுவது போலத் தாழ்ந்து வந்து, சற்றுத் தள்ளியிருந்த நெல்வயலில் இறங்கி ஓடி, வரப்பில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. அறுப்புக்கு நின்ற கதிர் அத்தனையும் பாய் விரித்தது போலச் சாய்ந்துவிட்டது.

ஏட்டும் கான்ஸ்டபிளும் சாவடியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். பூங்கனி புருஷன் முத்துநாயகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாயப் பொளந்துகிட்டு நிக்காதீங்க. போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க. நான் என்னான்னு கேட்டுட்டு வாறேன்."

விமானத்திலிருந்து இறங்கியவன் யூஜின் என்ற வாலிபன். நெற்றியில் சின்னக் காயம். எஞ்சினைப் பழுது பார்த்த பிறகு சோதித்துப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பியதாகவும், நடுவானில் அது நின்றுவிட்டதாகவும் சொன்னான்.

"சோதிச்சுப் பாக்க ஒமக்கு வேற எடம் கெடைக்கலியா?" என்று பிடித்துக்கொண்டாள் பூங்கனி. "கடக்கரை கெடக்கு, தேரி மணல் கெடக்கு. அறுக்கப்போற கதிருதான் கண்ணுல பட்டுதா?"

அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் விடவில்லை. உழுதவர் பாடு, நட்டவர் பாடு, குனிந்து களை பறித்தவள் முதுகு எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னாள். கூடிநின்ற ஊர்க்காரர்கள் ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

தாசில்தாருக்கு ஆள் போயிருந்தது. ஏட்டு இரண்டு தரம் சாவடிப் பக்கம் நகரப் பார்த்தார். இரண்டு தரமும் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க போறீரு? ஒருபிடி நெல்லு மூங்கிலத் தாண்டப்பிடாதுன்னு காலம்பற என்னைய மறிச்சீரே. இப்பம் இம்புட்டு நெல்லு மண்ணாப் போச்சு. இதுக்குச் சட்டம் கெடையாதா? தாசில்தார் வாறது வரைக்கும் ஒருத்தரும் நகரப்பிடாது."

கான்ஸ்டபிளையும் விடவில்லை. விமானத்தின் சிறகைப் பிள்ளைகள் பிய்த்துவிட்டால் அவர்தான் ஜவாப் சொல்ல வேண்டும் என்று பயமுறுத்தி, அங்கேயே காவல் நிற்க வைத்தாள்.

ஏட்டுக்கே மனசு இளகிவிட்டது. "இதுவும் ஒன் வயலா தாயி?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"பின்ன, ஒம்ம வயலா?" என்றாள் வெடுக்கென்று.

வெயில் தாழும் நேரத்தில் முத்துநாயகம் வரப்பு வழியாக மெதுவாக வந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாடு தண்ணி குடிச்சாச்சு" என்று மட்டும் சொன்னான்.

பூங்கனியின் கோபம் அத்தோடு அடங்கியது. யூஜின் பக்கம் திரும்பி, "காயத்துல மஞ்சள் அரைச்சு வையி மக்கா. உசுரு தப்பிச்சியே, அது போதும்" என்றாள். சேலையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

ஏட்டு பதறிப்போனார். "தாசில்தார் வாற நேரத்துல எங்க போற? வயலுக்காரி நீ இல்லாம எப்படி?"

"வயலுக்காரவிய சந்தைக்குப் போயிருக்காவ. இப்பம் வந்துருவாவ, அவியகிட்ட கேளும். எனக்குப் பிள்ளையளுக்குச் சோறு பொங்கணும்."

ஏட்டு திரும்பிச் சாவடியைப் பார்த்தார். புளியமரத்தடி காலியாக இருந்தது. மூங்கில் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்க, அதன் கீழே அஞ்சுகிராமம் போகும் சாலை நெடுக நெல்மணிகள் சிந்திக் கிடந்தன.