நீல மை

தோணிகள் கட்டும் ஜெட்டியடித் தேத்தண்ணிக் கடையில் என் கதையை யாரும் நம்புவதில்லை. திமிங்கிலம் என் தோணியை முதுகில் சுமந்து வெருகல்வரை கொண்டுபோய் விட்டதைக்கூட நம்பவில்லை.

அன்று கிண்ணியா நௌபர் மெதுவாகக் கேட்டார். "உங்கட மனிசியின்ட ஒப்பரேசன் எப்பிடி நடந்தது?"

"கருப்பையில புற்றுநோய். தொடக்கத்திலேயே பிடிச்சிட்டினம். நீல மையை ஊசியால ஏத்தினவை. நோய் பரவினால் முதல் போற நிணநீர்க் கணுவுக்குத்தான் மையும் போகுமாம். அதை மட்டும் எடுத்துச் சோதிச்சினம், சுத்தம். ரெண்டு நாள் மூத்திரமும் நீலம்!"

கடையே சிரித்தது.

"பேனைக்கு ஊத்தினீங்களோ அண்ணே?" என்றார் முதலாளி.

ஆம்பிளைகள் நடுவில் கருப்பை என்று சொன்னதே எனக்குக் கூச்சம். "சும்மா பகிடி" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். நௌபர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் என் மனிசி கனகம்மா கைபேசியில் பேசி வைத்துவிட்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, நௌபரின்ட மனிசி றஹ்மாவுக்கும் என்ர வருத்தந்தான், அதே புற்றுநோய். நாளைக்கு ஒப்பரேசன். மை ஊசியெல்லாம் பகிடியாம், வரமாட்டன் எண்டு நிக்கிறா. பயம் தெளியட்டும் எண்டு நான்தான் நௌபரை உங்களிட்டக் கேக்க அனுப்பினனான். என்ன சொன்னீங்கள்?"

எழுபது வயதில் முதன்முறையாக, என் வாயில் ஒரு பொய்யும் வரவில்லை.