செய்முறைத் தேர்வு

குற்றவியல் முதலாண்டுச் செய்முறை வகுப்பில், கொலையானவரின் குரலையே வரவழைத்து மாணவர்கள் விசாரிக்க வேண்டும். அந்தக் கல்லூரிக்குப் பாடமாக வாய்த்தது பூங்கோதையின் கொலையுண்ட மகள் யாழினி. அதற்காகவே ஐம்பது வயதுக்கு மேல் அங்கே மாணவியாகச் சேர்ந்தாள் பூங்கோதை.

தேர்வில் மற்றவர்கள் கொலைகாரனின் அடையாளம் கேட்டார்கள். இவள், "சாப்பிட்டியாடி?" என்றாள்.

"சாப்பிட்டேம்மா. தயிர்சாதம்," என்றது குரல்.

வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று ஃபெயிலாக்கினார்கள். மறு வருஷமும் அதே வகுப்பில் நிம்மதியாக உட்கார்ந்தாள். வருஷா வருஷம் இப்படியே ஓடியது.

இந்த வருஷம் வந்த புதுப் பேராசிரியை ஸ்டெல்லாவுக்கு மனசு கேட்கவில்லை. தேர்வு முடிந்த மறுநாள் கூப்பிட்டு, "இன்னும் எத்தனை தடவைதான் எழுதுவீங்க? பாஸ் போட்டுட்டேன்மா," என்றாள்.

பாஸானவர்களுக்குக் குரலை வரவழைக்கும் அந்தச் செய்முறை அறை இனித் திறக்காது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா," என்றாள் பூங்கோதை, "போயிட்டு வரேன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்திருப்பேன் மேடம்."