நர்ஸ் சொன்ன வியாதி

"குவைத்துல எவகிட்ட வாங்கினு வந்தே?"

திருப்பதி ஆஸ்பத்திரி வராண்டாவில் கலைவாணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அவள் புருஷன் சிரஞ்சீவி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

மூன்று வருடம் கழித்து அவன் ஊர் திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவளுக்கு அடக்க முடியாத அரிப்பு, திரிந்த பால் மாதிரி வெள்ளைப்படுதல். வரதய்யபாளையத்து மருந்துக்கடையில் வாங்கிப் போட்ட களிம்பு கேட்கவில்லை. இங்கே ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த நர்ஸ், இருவரிடமும் தெலுங்கில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். சுகவியாதி. கெட்ட சகவாசத்தில் வருவதற்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர்.

"இன்னிக்கே நைனா வூட்டுக்குப் போறேன். கல்லு மாதிரி குந்திக்கினு கீறியே, இல்லன்னாவது சொல்லேன்யா!"

அவன் தரையையே பார்த்தான்.

உள்ளே டாக்டரம்மாவிடம் அழுதபடி அந்த வார்த்தையைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"சுகவியாதி காதம்மா, ஷுகர் வியாதி! உனக்கு ரத்தத்துல சர்க்கரை கூடிப்போச்சு. அதனால பூஞ்சை வந்திருக்கு. உள்ள வைக்கிற மாத்திரை தரேன், அரிப்பு போயிடும். சர்க்கரையை அடக்கலேன்னா திரும்பத் திரும்ப வரும். பாவம், வீட்டுக்காரரைத் திட்டாதே."

வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். சிரஞ்சீவி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"அவ்ளோ திட்டினேனே, ஒருவாட்டி இல்லன்னு சொல்லக்கூடாதா?"

"நான் எந்தத் தப்பும் பண்ணலன்னு எனக்குத் தெரியுமே" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "அதான், ஊர்ல யாருன்னு யோசிச்சிக்கினு இருந்தேன்."